தட்டு ஏந்தி நின்ற விருந்தாளி

அந்தத் தட்டை அவர் கையில் கொடுத்தது நான்தான்.

பித்தளைத் தட்டு. அதில் சந்தனக் கிண்ணம், மடித்த பொன்னாடை, அதன்மேல் சம்பங்கியும் ரோஜாவும் சேர்த்துக் கட்டிய மாலை. மாலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் சாமியானா போட்டிருந்தார்கள். பனி இன்னும் முழுதாக விலகவில்லை. பக்கத்து எஸ்டேட் களத்தில் காயும் காப்பிப் பழத்தின் புளித்த வாடை மேடை வரைக்கும் வந்தது.

நான் தட்டை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு லேசாகத் தலை குனிந்தார். அந்தக் குனிவை நினைத்தால் எனக்கு இப்போதும் உடம்பு கூசுகிறது.

இந்தத் தொடரில் இதுவரை என் வகுப்பறைக் கதைகளாகவே எழுதி வந்திருக்கிறேன். எல்லாவற்றிலும் கடைசியில் நான் நல்லவனாகவே வெளியே வந்திருக்கிறேன், கவனித்திருப்பீர்கள். ஆத்தூரிலிருந்து ஒரு வாசகர், 'உங்களைப் போல ஒரு ஆசிரியர் எங்களுக்குக் கிடைக்கவில்லையே' என்று கடிதம் போட்டிருந்தார். என் மனைவி எஸ்தர் அதைப் படித்தாள். கடிதத்தை மடித்து வைத்துவிட்டு அலமாரியின் மேலே பார்த்தாள்.

அங்கே ஒரு சார்ட் சுருள் இருந்தது. அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

ரோஜா நிறத் துணி

ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாகப் பூகோளம் நடத்தினேன். நான் சேர்ந்தபோது வகுப்பில் துணியில் அச்சடித்த உலகப் படம் ஒன்று தொங்கியது. அதில் சோவியத் நாடு முழுக்க ரோஜா நிறம். பிரம்பை ஒரு ஓரத்தில் வைத்து மறு ஓரம் வரை நடந்துகொண்டே இழுத்துக் காட்டுவேன். "உலகத்து நிலத்தில் ஆறில் ஒரு பங்கு. அவ்வளவும் ரஷ்யாக்காரர்கள்" என்பேன். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். அதைப் பார்ப்பதற்காகவே ஒவ்வொரு வருடமும் அப்படிச் சொன்னேன் என்று தோன்றுகிறது.

பிறகு அந்த நாடு பதினைந்து துண்டானது. புதுப் படம் வாங்கப் பள்ளியில் வசதியில்லை. செய்தித்தாளில் வந்த படத்தைப் பார்த்து, கறுப்பு மையைத் தொட்டு, நானே எல்லைக்கோடுகளை வரைந்தேன். ஒரு இடத்தில் மை கொட்டி, ஏரல் கடல் இருந்த சுவடே இல்லாமல் போயிற்று. ஆனாலும் ஆசிரியர் அறையில் பாராட்டினார்கள்.

பாடத்தையும் திருத்திக்கொண்டேன். கோட்டுக்கு உள்ளே இருப்பவர்கள் ரஷ்யாக்காரர்கள், வெளியே இருப்பவர்கள் மற்றவர்கள். ஒரு நாட்டுக்கு ஒரு நிறம், ஒரு நிறத்துக்கு ஒரு சனம். வரைபடப் பயிற்சியில் ஒரே நாட்டுக்குள் இரண்டு நிறம் அடித்த பிள்ளைகளுக்கு அரை மார்க் குறைத்திருக்கிறேன்.

மாரமங்கலத்திலிருந்து வந்த ஒரு மாணவி, மலைச்சனங்கள் வீட்டுப் பெண், ஒருமுறை எழுந்து கேட்டாள். அந்தக் கோட்டுக்கு உள்ளேயும் தங்களைப் போல மலைச்சனம் இருக்குமா என்று. பரீட்சைக்கு வராது, உட்கார் என்றேன். எனக்குப் பதில் தெரியாது என்பதை ஒரு ஆசிரியர் அப்படித்தான் சொல்வார்.

பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வந்ததும் துணிப்படத்தைக் கழித்துக் கட்டினார்கள். நான் அதைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஓய்வுக்குப் பின் நாகலூரில் எங்கள் வீட்டின் இரண்டு அறைகளை ஹோம்ஸ்டே ஆக்கினோம். சாப்பாட்டு மேசைக்கு எதிரே படத்தை மாட்டினேன். வருகிறவர்களிடமெல்லாம் என் மைக்கோடுகளைக் காட்டிப் பீற்றிக்கொள்வேன். எஸ்தர்தான், சாம்பார் ஆறுகிறது என்று சொல்லி என்னை நிறுத்துவாள்.

இரண்டு பாஸ்போர்ட்டுகள்

போன வருடமோ அதற்கு முந்திய வருடமோ, காப்பிப் பழம் பறிக்கும் நாட்களில், இரண்டு பெண்கள் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள். மைசூரில் யோகா கற்க வந்த இடத்தில் சிநேகமானவர்கள். தங்களுக்குள் ரஷ்ய மொழியில் பேசிக்கொண்டார்கள். என்னிடம் ஆங்கிலத்தில்.

வெளிநாட்டார் தங்கினால் அவர்களுடைய பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். எங்கள் வீட்டில் அது என் வேலை.

லேனா உயரமானவர். வெளுத்த முடி, நீலக் கண். நான் மனதில் வைத்திருந்த ரஷ்யாக்காரி அச்சு அசலாக அவர்தான். அவருடைய பாஸ்போர்ட் கஜகஸ்தான். சயானா குள்ளம். அகன்ற கன்னம், சின்னக் கண்கள், நீண்ட கறுப்பு முடி. ஏரிப் பக்கத்து ஓட்டல்களில் வேலைக்கு வந்திருக்கும் வடகிழக்கு மாநிலப் பெண்களில் ஒருத்தி என்று யாரும் நினைப்பார்கள். அவருடைய பாஸ்போர்ட் ரஷ்யா.

மாற்றி எடுத்துவிட்டேனோ என்று இரண்டு முறை புகைப்படத்தைப் பார்த்தேன். பிறகு சரியாகவே நிரப்பி அனுப்பினேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது.

அன்று சாப்பாட்டு மேசையில் இருவரும் துணிப்படத்தைப் பார்த்தார்கள். லேனா தன் ஊரைத் தேடினார். வடக்கு ஓரத்தில் இருக்கும் பெட்ரோபாவ்ல். நான் இழுத்த தடித்த கோடு அந்த ஊரின் மேலேயே போயிருந்தது.

"எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது" என்றார் லேனா. "வீடு அதே இடத்தில் இருந்தது. ஒரு நாள் அதன் பக்கத்தில் எல்லை வந்துவிட்டது."

அவருடைய தாத்தா ரஷ்யாவிலிருந்து ரயிலேறி, அந்தப் புல்வெளியை உழுது கோதுமை விதைக்கப் போனவராம். திரும்பவே இல்லை. வீட்டில் ரஷ்ய மொழி, ரஷ்யச் சமையல், ரஷ்யப் பெயர். ஆனால் லேனா ரஷ்யாவுக்குப் போனால் வெளிநாட்டார் வரிசையில் நிற்க வேண்டும். அவர் தம்பி பிழைப்புக்காக எல்லை தாண்டி ரஷ்யாவிலேயே குடியேறிவிட்டான். அங்கே அவனைக் கஜகஸ்தான்காரன் என்கிறார்களாம். நான் அதை எஸ்தருக்குத் தமிழில் சொன்னேன்.

"எங்க தாத்தாவும் அப்பிடித்தானுங்க. காப்பிச் செடி நட ரெண்டு வருசத்துக்குன்னு மேல வந்தாரு. இங்கயே கல்லறையும் ஆயிருச்சு" என்றாள் எஸ்தர். அதை நான் லேனாவுக்குச் சொன்னதும் அவர் எஸ்தரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

சயானா பைகால் ஏரியின் மேல் விரலை வைத்தார். என் வகுப்பில் அதைப் பச்சைமிளகாய் என்று சொல்லித்தான் அடையாளம் காட்டுவேன். அதைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் புர்யாத் இனம். ரஷ்யர்கள் அந்தப் பக்கம் வந்து சேர்வதற்கு முன்பிருந்தே அந்த ஏரிக்கரையில் இருப்பவர்கள். நாடு ரஷ்யா, பேசும் மொழி இரண்டு, கும்பிடுவது புத்தரை. ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை.

என்ன பாடம் என்று கேட்டேன். பூகோளம் என்றார். எனக்கு அப்போது உண்டான சந்தோஷம் பொய்யில்லை.

மூன்று சாயங்காலங்கள்

அந்த வாரம் பள்ளியில் சமூக அறிவியல் கண்காட்சி. அன்றைக்கே தலைமையாசிரியைக்குப் போன் போட்டு, ரஷ்யாவிலிருந்து ஒரு பூகோள ஆசிரியை வந்திருக்கிறார், கண்காட்சியைத் திறந்து வைத்துப் பத்து நிமிடம் பேசுவார் என்றேன். அவர் துள்ளிக் குதிக்காத குறை. உடனே பிளெக்ஸ் அடிக்கச் சொல்லிவிட்டார்.

சயானா மூன்று சாயங்காலம் எங்கள் சாப்பாட்டு மேசையை விட்டு நகரவில்லை. ஒரு முழு சார்ட் பேப்பரில் தன் ஏரியைச் சுற்றியுள்ள நாட்டை வரைந்தார். எல்லைக்கோடு ஒன்றுகூட இல்லை. ஆறுகளும், கரையெல்லாம் சின்னச் சின்ன வீடுகளும்தான். புர்யாத் வீடுகள் நீலம். ரஷ்யர் வீடுகள் சிவப்பு. காட்டில் மான் மேய்க்கும் எவெங்கி சனத்தின் வீடுகள் பச்சை. ஒரே ஊரில் மூன்று நிறமும் இருந்தது. நீலத்துக்கும் சிவப்புக்கும் கல்யாணமான வீடுகளை என்ன செய்வது என்று யோசித்து, சுவர் ஒரு நிறமும் கூரை ஒரு நிறமுமாக அடித்தார்.

சிவப்பு வீடுகள் தாளின் ஓரம் வரை போய் இடமில்லாமல் நின்றன. தாளுக்கு வெளியேயும் நிறைய இருக்கிறது, லேனாவின் ஊர் வரைக்கும் இருக்கிறது என்று மேசையில் கையை வீசிக் காட்டினார்.

கடைசி நாள், நம் ஏற்காடு ஏரியை அதே விகிதத்தில் வரைந்தால் எவ்வளவு வரும் என்று கேட்டார். கணக்குப் போட்டோம். பென்சில் முனையால் ஒரு புள்ளி. பைகாலுக்குள் அந்தப் புள்ளியை வைத்து, பக்கத்தில் 'ஏற்காடு' என்று தமிழில் எழுதினார். எஸ்தர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்துக் கோலம் போடுவது போல வரைந்தார். பிள்ளைகளை அந்தப் புள்ளியைத் தேடச் சொல்லித்தான் பேச்சை ஆரம்பிக்கப் போவதாகச் சொன்னார்.

மாலை விழுந்த கழுத்து

விழா அன்று மூவரும் பஸ்ஸில் போனோம். கண்டக்டர் லேனாவிடம் ஆங்கிலத்தில் மரியாதையாகப் பேசினார். சயானாவிடம் இந்தியில் அதட்டி, உள்ளே தள்ளி நிற்கச் சொன்னார். நான் சிரித்தேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மேடைக்குப் பின்னால் பிளெக்ஸ். 'ரஷ்ய நாட்டு ஆசிரியை அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்.' பக்கத்தில், வெங்காயம் போலக் கூம்பிய கோபுரங்களோடு ஒரு தேவாலயப் படம். முதல் வரிசையில் இருவரும் உட்கார்ந்தார்கள். சயானா சார்ட் சுருளை நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

தட்டு ஏந்த வேண்டிய மாணவி நடன உடைக்கு ஊக்குக் குத்திக்கொண்டிருந்ததால் தட்டு என் கையில் இருந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் மாணிக்கம் என் காதோரம் வந்தார். நாகலூரில் மளிகைக் கடை வைத்திருப்பவர், என் சிநேகிதர்.

"ஏனுங்க சார், ரஷ்யா டீச்சரு யாருங்க?"

நான் தாடையால் சயானாவைக் காட்டினேன்.

"இவுங்களாங்க? ஓட்டல்ல வேல செய்யற புள்ளையாட்டம் இருக்குதுங்களே. சனம் சிரிக்குமுங்க சார். அந்த ஒசரமான வெள்ளக்காரம்மான்னுதான் எல்லாரும் நெனச்சிட்டு இருக்கறாங்க."

அவர் கெட்டவர் இல்லை. கண்ணுக்குப் பட்டதைச் சொன்னார். 'இவரேதான், மாணிக்கம். இவர் ஊர்ச் சனம் இப்படித்தான் இருப்பார்கள்' என்று ஒரு வாக்கியம் நான் சொல்லியிருந்தால் போதும். சனம் சிரிக்கும் என்ற சொல் என்னைப் பிடித்துக்கொண்டது. ரஷ்யாவைக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டு ஓட்டல் பெண்ணைக் கொண்டுவந்த பழைய வாத்தியார் என்று என்னைத்தானே சிரிப்பார்கள்.

மைக்கில் தலைமையாசிரியை, "ரஷ்ய நாட்டிலிருந்து வந்திருக்கும் நம் சிறப்பு விருந்தினர்" என்று சொல்லி லேனாவைப் பார்த்தார். கூட்டம் லேனாவைப் பார்த்துக் கைதட்டியது. ரஷ்யா என்ற சொல் காதில் விழுந்ததும் சயானா எழுந்து மேடையேறி வந்தார். தோழியை வாழ்த்தத் தன்னையும் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து லேனாவும் கூடவே வந்தார். மூவரும் எதிரெதிரே நின்றோம். நான் தட்டை சயானாவின் கையில் கொடுத்தேன்.

தலைமையாசிரியை அந்தத் தட்டிலிருந்து மாலையை எடுத்து லேனாவின் கழுத்தில் போட்டார். பொன்னாடையை எடுத்துப் போர்த்தினார். சயானா தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் ஊரில் மரியாதை செய்வதென்றால் நீலப் பட்டுத் துணி ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுப்பார்கள். தட்டு ஏந்துவதும் அப்படி ஒரு கௌரவம் என்று அவர் நினைத்திருக்கிறார். போட்டோகிராபர் அவரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கைகாட்டினார். தள்ளி நின்றார்.

தலைமையாசிரியை கண்காட்சி அறையைத் திறக்கச் சொல்லக் கீழே இறங்கிப் போனார். மைக் லேனாவின் கைக்கு வந்தது. அவர் தன் கழுத்து மாலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: நான் ஆசிரியை இல்லை, ரஷ்யாவிலிருந்து வந்தவளும் இல்லை, ஆசிரியை என் தோழி, அவர் பேசுவார்.

மொழிபெயர்க்க வேண்டியது நான். மாலை ஒரு கழுத்தில் விழுந்தாயிற்று. அதைக் கழற்றி இன்னொரு கழுத்தில் போடுவது நம் வழக்கத்தில் இல்லை. போட்டவருக்கும் அவமானம், கழற்றியவருக்கும் அவமானம். இதெல்லாம் அந்த ஒரு நொடியில் என் தலையில் ஓடியது.

"உங்களையெல்லாம் பார்த்ததில் ரொம்ப சந்தோஷம், நன்றாகப் படிக்க வேண்டும் என்கிறார்" என்று சொன்னேன்.

பலத்த கைதட்டல். அடுத்து நடனம், அடுத்து நன்றியுரை, அடுத்து தேசிய கீதம். கூட்டம் கலைந்தபோது சயானா சுருளைக் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். தான் எப்போது பேச வேண்டும் என்று கேட்டார்.

நேரமாகிவிட்டது என்றேன்.

எஸ்தரின் இரண்டு கைகள்

திரும்பி வரும் பஸ்ஸில் லேனா மடியில் இருந்த மாலையைக் காட்டி, சயானாவிடம் ரஷ்ய மொழியில் ஏதோ சொன்னார். சயானா அதன்பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து நீலப் பட்டுத் துணியை எடுத்தார். தலைமையாசிரியைக்கு என்று கொண்டுபோனது. அதை எஸ்தருக்கு நீட்டினார். எஸ்தர் கரண்டியை வைத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் வாங்கினாள். அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

லேனா என்னிடம் ஒன்று மட்டும் கேட்டார். "எங்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்து எழுதியது நீங்கள்தானே?" நான் தலையாட்டினேன்.

சயானா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தன் நாட்டின் பெரிய நகரங்களிலும் போலீஸ்காரர்கள் தன்னைத்தான் நிறுத்திக் காகிதம் கேட்பார்கள், வாடகை வீடு கேட்டால் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லை என்பார்கள் என்று, பழகிப்போன விஷயம் போலச் சொன்னார்.

"பாஸ்போர்ட்டைப் பார்க்கிறவர்கள் என்னிடம் போரைப் பற்றிக் கேட்கிறார்கள். முகத்தைப் பார்க்கிறவர்கள் எந்த நாடு என்று கேட்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் என் பாடத்தைப் பற்றிக் கேட்டீர்கள்" என்றார்.

மறுநாள் காலை பஸ்ஸில் சேலம் போய்விட்டார்கள். சார்ட் மேசைமேல் இருந்தது. பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

நான் கொடுக்கவில்லை. கொடுத்தால் யார் வரைந்தது என்பார்கள். விழாப் படம் வாட்ஸ்அப்பில் வந்தபோது எஸ்தர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஓரத்தில் பாதி முகமும் ஒரு தட்டும் தெரிந்தன.

"அந்தப் புள்ளையவாங்க தட்டுப் புடிக்க வெச்சீங்க? நம்ம ஊட்டுல மூணு நாளா உக்காந்து வரஞ்ச புள்ளையவா?"

நான் தோட்டத்துப் பக்கம் போய்விட்டேன். அன்று முதல் சுருள் அலமாரி மேலே.

புள்ளி

ஆத்தூர் வாசகரின் கடிதம் வந்ததற்கு மறுநாள், சுருளைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியையிடம் நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் சுருளை வாங்கி மேசையில் விரித்துப் பார்த்தார். பிறகு எட்டாம் வகுப்பில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். அன்றைய விழாவில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைகள்தான் இப்போது எட்டாம் வகுப்பு.

சார்ட்டை மாட்டி, நம் ஊர் ஏரி இதற்குள் எங்கே இருக்கிறது, தேடுங்கள் என்றேன். சயானா ஆரம்பிக்க நினைத்த மாதிரியே. முண்டியடித்துக்கொண்டு வந்தார்கள். தலைச்சோலையிலிருந்து வரும் ஒரு மாணவி புள்ளியைக் கண்டுபிடித்தாள். அதன்மேல் விரலை வைத்துக்கொண்டே திரும்பினாள்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க சார். யாருங்க வரஞ்சது? அன்னிக்கு மால போட்டமே, அந்த மேடமுங்களா?"

"இல்ல கண்ணு. பக்கத்துல தட்டுப் புடிச்சிட்டு நின்னாங்களே, அவுங்க."

"அவுங்க ஓட்டல்ல வேல செய்யற அக்கா இல்லீங்களா?"

"இல்ல சாமி. அவுங்கதான் ரஷ்யாவுல இருந்து வந்த டீச்சரு. தட்டக் குடுத்தது நான்."

அவள் சார்ட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற முகம் இல்லை. பாடத்தில் புரியாத இடத்தைக் கேட்கிற முகம்.

"டீச்சருன்னு தெரிஞ்சேவாங்க சார் குடுத்தீங்க? ஏனுங்க சார்?"

பரீட்சைக்கு வராது, உட்கார் என்று இந்த முறை சொல்லவில்லை. மணி அடிக்கும் வரை அவள் நின்றுகொண்டிருந்தாள்.